மரகதம் திறந்த கதவு

அண்ணனூர்
3-8-1998

அன்புள்ள தம்பி அந்தோணிராஜுக்கு,

அக்கா சகாயமேரி எழுதுவது. நானும் குமாரியும் சுகம். அந்தக் கோத்தகிரிக் குளிரில் நீ ஸ்வெட்டர் போடுகிறாயா, இல்லை சிகரெட்டிலேயே குளிர் காய்கிறாயா? போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. டீவியில் பேர் வந்துவிட்டால் அக்காவுக்கு ஒரு கார்டு போடக்கூடக் கை வராதோ?

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் தெருவே அடங்கிவிடுகிறது. உன் 'நிழலற்றவன்' தொடர் முடிந்த பிறகுதான் வீடுகளில் சோறு. கடைசியில் 'கதை வசனம்: அந்தோணிராஜ்' என்று ஓடும்போது குமாரி எழுந்து நின்று கை தட்டுகிறாள். உன் மருமகளுக்குப் பிளஸ் டூ பரீட்சையைவிட உன் ரத்தக்காட்டேரி டாக்டர்தான் பெரிது. "பாவம்மா அவரு. கடிச்சது யாரோ, கஷ்டப்படறது இவரு. மனுச ரத்தத்த தொடமாட்டேன்னு ஆட்டு ரத்தம் குடிச்சினு ஊருக்கு வைத்தியம் பாக்கறாரு" என்று அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள்.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் மட்டும் சண்டைக்கு வருகிறாள். "இன்னாடி இது அக்குறும்பு! காட்டேரி எங்க கொலதெய்வம்டி. வருசா வருசம் கோழி அடிச்சி படைக்கிறோம். அத போயி பேண்ட்டு போட்ட ஆம்பளயா காட்டிகினு கீறான் உன் தம்பி!" என்கிறாள். ஆனால் ஒரு வாரம்கூட விடாமல் எங்கள் வீட்டில் முதல் ஆளாக வந்து டீவிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வதும் அவள்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் 'உள்ளே வா' என்று கூப்பிட்டால்தான் காட்டேரி வாசற்படி தாண்ட முடியும் என்று வைத்திருக்கிறாயே, அது யார் போட்ட சட்டம்? நம்ம ஊர்ப் பேய் எதுவும் இப்படி அனுமதி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. தெருப் பிள்ளைகளுக்கு இப்போது இதே விளையாட்டுதான். வாசலில் நின்று, "கூப்டாத்தான் வருவேன்" என்று கதவைத் தட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. ஏன் என்று உனக்குத்தான் தெரியும். வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
சகாயமேரி


கோத்தகிரி
9-8-1998

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்வெட்டர் போடுகிறேன். இங்கே நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சியை இன்றைக்கு எழுதித் தருகிற பிழைப்பு. தயாரிப்பாளர் கோதண்டம் சார் நான் பல் துலக்கும்போதே பின்னால் வந்து நின்று, "அந்தோணி, அடுத்த சீன் எங்கப்பா?" என்கிறார்.

குமாரியின் டாக்டராக நடிக்கும் தேவராஜுக்குக் கோரைப்பல் மாட்டினால் நாக்கு புரளாது. 'ச' வருகிற இடமெல்லாம் எச்சில்தான் வருகிறது. அதனால் பல் தெரியும் காட்சிகளில் 'ச' இல்லாமல் வசனம் எழுதுகிறேன். ஒருநாள் பல் கழன்று காபியில் விழுந்தது. அதைக் கையால் எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு நடித்தார். வேம்புலியம்மாள் அக்காவிடம் சொல், இதைப் பார்த்தால் அவர்களுடைய குலதெய்வமே மன்னித்துவிடும்.

'உள்ளே வா' சட்டம் வெளிநாட்டுக் கதைகளில் இருப்பது. முதலில் அது நம்மவர்களுக்கு எடுபடாது என்று விட்டுவிடத்தான் இருந்தேன். பிறகு விட முடியவில்லை.

அக்கா, முதல் பாகம் முடியப் போகிறது. இனி டாக்டரின் மனைவி மரகதம் வருவாள். இந்த மாதக் கடைசி வாரங்களை நீ பார்க்காமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. குமாரிக்கும் பரீட்சை இருக்கிறதே. கேபிள்காரனிடம் சொல்லிக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் என்ன? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் தம்பி,
அந்தோணி


அண்ணனூர்
22-8-1998

அந்தோணி,

நேற்று பார்த்தேன்.

டாக்டர் மலையில் இருந்து விடியற்காலையில் வீட்டுக்கு ஓடி வருகிறான். சூரியன் வந்தால் எரிந்துவிடுவான். கதவைத் தட்டுகிறான். கையில் இருந்த டிபன் கேரியரைப் படியில் வைக்கிறான். "மரகதம், கதவைத் திறக்காவிட்டாலும் தண்ணியாவது கொடு" என்கிறான். உள்ளே அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். அத்துடன் 'தொடரும்' போட்டுவிட்டாய்.

ரத்தக்காட்டேரிக்கு எதற்கடா டிபன் கேரியர்? ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அது என் புருஷன், உன் மாமா அருள்தாஸ் கையில் இருந்த டிபன் கேரியர். "தண்ணியாவது குடு" என்றது அவர். தாழ்ப்பாளில் கை வைத்து நின்றவள் நான். கல்லறைத் திருநாள் அன்று மாமா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிடம் அழுதேனே, அதைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமைதோறும் ஊர் பார்க்க விற்றுவிட்டாய்.

நீ மறந்திருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். கத்திரி வெயில், ஞாயிற்றுக்கிழமை. அவர் ரயில்வே கார் ஷெட்டில் நைட் ஷிப்ட் முடித்து, வரும் வழியில் குடித்துவிட்டு, மத்தியானம் வந்தார். இனி குடித்துவிட்டு வந்தால் திறப்பதில்லை என்று அந்த வாரம்தான் முடிவு செய்திருந்தேன். தட்டினார், கூப்பிட்டார். நான் திறக்கவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. யாராவது போயிருந்தாலும், அருள்தாஸ் வழக்கம்போல் படியில் விழுந்து கிடக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். சத்தம் நின்றதும், கொஞ்ச நேரம் கிடக்கட்டும், தெளியட்டும் என்று கதவுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். அப்புறம் நிஜமாகவே தூங்கிவிட்டேன். திறந்தபோது அவர் உடம்பு சுட்டது, உயிர் இல்லை. தலைவலி மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன், தட்டியதே கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். குமாரியிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் செத்ததால் கிடைத்த வேலையில்தான் நான் இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

நேற்று ராத்திரியில் இருந்து குமாரி ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. "தெறப்பாளாம்மா? மாமா உங்கிட்ட ஏதாச்சும் எழுதிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. நான் விழித்துக்கொண்டு நின்றேன் என்று அவளுக்குத் தெரிந்தால் எனக்கு அவள் இல்லை. புரிகிறதா உனக்கு?

எப்படிச் செய்வாயோ தெரியாது. மரகதத்தைத் திறக்க வை. அவள் திறந்துவிட்டால் அது வேறு யாருடைய கதையோ ஆகிவிடும். குமாரி யோசிக்க மாட்டாள். இதை மட்டும் செய். அதற்குப் பிறகு எனக்கு நீ எழுத வேண்டியதில்லை.

சகாயமேரி


கோத்தகிரி
27-8-1998

அக்கா,

'அன்புள்ள' என்று போட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் போடவில்லை.

நாளைக்கு வரும் பகுதி ஏற்கெனவே சென்னைக்குப் போய்விட்டது. அதில் கதவு வராது, வேறு கதைதான். கதவு அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அதுதான் முதல் பாகத்தின் கடைசி. மரகதம் திறக்காமல் நிற்பாள், டாக்டர் வெயிலில் எரிவான் என்றுதான் எழுதியிருந்தேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே கோதண்டம் சாரிடம் போய் நின்றேன். "எரிஞ்சாத்தான்யா ஜனங்க அடுத்த பாகத்துக்குக் காத்துக் கெடப்பாங்க" என்று குதித்தார். காலில் விழாத குறை. கடைசியில், திறக்கிற மாதிரி எடுக்கச் சம்மதித்தார். அடுத்த பாகத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சரி என்றேன்.

விற்றுவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். இல்லை என்று எந்த வாயால் சொல்வேன். ஆனால் நான் எழுதியது உன்னைப் பற்றி மட்டும் இல்லை, அக்கா. நான் உனக்குச் சொன்ன யோசனையை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் ஆவடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாய். மாமா குடியை நிறுத்த மாட்டேன் என்கிறார் என்றாய். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "தெறக்காதக்கா. ரெண்டு நாள் வெளிய கெடந்தா தானா புத்தி வரும்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். மாமா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அம்பத்தூருக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனவர். அவர் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தோளில் அது இருக்கும்போதெல்லாம் நான் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் முன்னால் முழங்கால் போட்டும் இது வாயில் வரவில்லை. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்று மற்றதை எல்லாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால் கை அந்த வாசலுக்கே போகிறது. 'உள்ளே வா' சட்டத்தை ஏன் விட முடியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

மரகதம் திறப்பாள். குமாரி நிம்மதியாகப் பார்க்கட்டும்.

அந்தோணி


அண்ணனூர்
5-9-1998

தம்பி,

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன்.

டீக்கடையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். யாராவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன், நீ சொன்னாய். அதை விடு.

நேற்று வீட்டில் உட்கார இடம் இல்லை. தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, டாக்டர் படியில் சுருண்டு கிடக்கிறான், புகை வருகிறது. மரகதம் தாழ்ப்பாளை இழுத்து, "உள்ளே வாங்க" என்றாளோ இல்லையோ, வேம்புலியம்மாள், "தெறந்துட்டாடி மவராசி!" என்று தரையில் ஓங்கி அடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன், அந்தோணி. என் புத்தியில் இருந்தது அது ஒன்றுதான்.

உன் பேர் ஓடும்போது கை தட்ட குமாரி இல்லை. பின்பக்கம் குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அவ தெறந்துட்டாம்மா. நான் தெறக்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்னடி உளறுகிறாய் என்றேன்.

"அப்பா தட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சு. உள் ரூம்ல முழிச்சினுதான் படுத்துகினு இருந்தேன். 'கொமாரி, நீயாவது தெறம்மா'ன்னாரு. தலாணிய காதுல வச்சி அழுத்திக்கினேன். குடிச்சிட்டுத்தான வந்துகீறாரு, கெடக்கட்டும்னு நெனச்சேன். நீ பாவம் மாத்திர போட்டுத் தூங்கிட்ட. முழிச்சினு இருந்தவ நான் ஒருத்திதான். நான்தாம்மா அவர சாவடிச்சேன்."

அவள் அப்போது ஒன்பதாவதுக்குப் போக இருந்த பிள்ளை.

மாமா குழியடியில் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். ஒன்றைச் சொல்லவில்லை. கடைசியில் அவர் கூப்பிட்டது என்னை இல்லை, அவளைத்தான். எனக்கும் கேட்டது. பிள்ளை அசந்து தூங்குகிறாள், அவளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் தூங்கினேன் என்றேன். அந்தப் பொய்யை அவள் நம்பியதால் பழி முழுக்க அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டேதான் என் பக்கத்தில் சாப்பிட்டு, படித்து, சிரித்து வளர்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

இதைக் கேட்ட பிறகாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? "நீ சின்னப் பொண்ணு, உம்மேல தப்பு இல்ல" என்று மட்டும்தான் சொன்னேன். "அவ தெறந்துட்டாளேம்மா!" என்று திரும்பத் திரும்ப அழுதாள். நானும் நின்றேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பெற்ற பிள்ளை கரைந்து போகிறாள் என்று தெரிந்தும் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன். நான் என்ன பிறவி?

அக்கா


கோத்தகிரி
10-9-1998

அன்புள்ள அக்காவுக்கு,

பேசுகிறவர்களுக்கு வசனம் எழுதுவதுதான் என் வேலை. உனக்கு என்ன சொல்வது என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று நீ கேட்டாய், நான் கெஞ்சித் திறந்தேன். இரண்டு பேரும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் திறந்தோம். குமாரி அதைப் பார்த்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. என் மருமகள் உயிரை எடுக்கிற மாதிரி ஒரு காட்சி எழுதிவிட்டு, நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவளிடம் சொல்லிவிடு, அக்கா. அவள் உன்னை வெறுப்பாள். வெறுக்கட்டும். தன்னை வெறுத்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல். டீக்கடையில் நான் சொன்னதையும் சேர்த்துச் சொல். என் பேரை மறைக்காதே. நீயாகச் சொல்ல முடியாது என்றால் ஒரு வரி போடு, நான் வந்து சொல்கிறேன். இங்கே எனக்கு வேலை முடிந்துவிட்டது, மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

தம்பி,
அந்தோணி


அண்ணனூர்
20-9-1998

அன்புள்ள தம்பி அந்தோணிராஜுக்கு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆவடியில் துணி எடுக்கலாம் என்று அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிளாட்பாரத்தில் நாலு பேர் இருந்தால் என்னை அடிக்க மாட்டாள் என்று நினைத்தேனோ என்னவோ. பட்டாபிராம் வண்டி வந்தது, ஏறவில்லை. அது போன பிறகு சொன்னேன். நான் தூங்கவில்லை, தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன், மாத்திரை போட்டேன் என்றது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டபடி உன் பேச்சையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "மாமா டீக்கடைல நின்னு சொன்னாரு. கதவு உங்கையில இருந்துச்சு" என்றாள். எழுந்து போய் தூரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வண்டிக்கும் வரவில்லை. நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் தள்ளி நடந்து வீடு வந்தோம்.

அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி வேம்புலியம்மாள் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். "அம்மாவும் பொண்ணும் இன்னா மொறச்சினு கீறீங்க?" என்று அவள் கேட்டதற்குப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். மறுபடி ஒரு பொய். நான் ஆக்கி வைத்த சோற்றை அவள் தொடவில்லை, தானே உலை வைத்துக்கொண்டாள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

மாமாவை இப்போது வர வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும், நானும் அதில்தான் இருக்கிறேன். மூட்டையைப் பிரித்து வேறு வேலை தேடு.

இன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா எம்பேர சொல்லிக் கூப்ட்டது உனக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

இல்லை, என்னைத்தான் கூப்பிட்டார், நீ கனவு கண்டிருப்பாய் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவளுக்கும் பாரம் குறையும் என்று மனசு நியாயம் பேசியது. இப்படித்தான் போன தடவையும் பேசியது.

"கேட்டுச்சு" என்றேன். "உன்னத்தான் கூப்ட்டாரு. ரெண்டு தடவ கூப்ட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"ரெண்டு தடவதான்" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் மட்டுந்தான் கேட்டேன்னு நெனச்சினு இருந்தேம்மா" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அப்பாவின் பெட்டியை மூடும்போதுகூட அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. என் பிள்ளைக்கு மனத்தைரியம் அதிகம் என்று நான் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னவள். பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல், மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

அக்கா,
சகாயமேரி